பாதியில் திரும்புகிறவருக்கும் ஒரு திட்டம்

சின்ன காஞ்சிபுரத்திலிருந்து சைக்கிளில் கிளம்பி, நாகப்பட்டினத்தில் கப்பல் ஏறி, காங்கேசன்துறையில் இறங்கி, யாழ்ப்பாணம் வழியாகக் கண்டி வரை போய் வருவது என்று நாங்கள் ஐந்து பேர் முடிவு செய்திருக்கிறோம். செய்தி தேரடி டீக்கடை வரை பரவிவிட்டது. பார்க்கிறவர்கள் எல்லாம் ஒரு நாளைக்கு எத்தனை கிலோமீட்டர் மிதிப்பீர்கள் என்றே கேட்கிறார்கள். சுமையோடு எண்பது, காற்று எதிர்த்தால் அறுபது. பழகிய கால்கள் அதைப் பார்த்துக்கொள்ளும். எங்கள் நோட்டில் அதிகப் பக்கங்களை எடுத்துக்கொண்டிருப்பது தேதியும் வீட்டுச் செலவும்.

ஐவரில் இருவர் தறிக்காரர்கள். ஒருவர் தறியில் மூன்று சேலைக்குப் பாவு ஏறியிருக்கிறது. எல்லாம் கோர்வைச் சேலை. உடலும் கரையும் வேறு வேறு நிறம் என்பதால் மூன்று நாடா ஓட வேண்டும், இரண்டு ஆள் உட்கார வேண்டும். அவர் ஒரு மாதம் வெளியூர் போனால், கரைப் பக்கம் உட்கார்ந்து நாடா தள்ளும் அக்காவுக்கும் அந்த மாதம் வேலை கிடையாது. பயணச் செலவுக் கணக்கில் முதல் வரியாக நாங்கள் எழுதியது அந்த அக்காவின் கூலி. கூடாரம், டயர், விசா எல்லாம் அதற்குக் கீழே வருகின்றன. அதற்கு வழியில்லை என்றால் பயணமே வேண்டாம் என்று நண்பர் சொன்னார். அவர் சொன்னதுதான் சரி.

தேதிக்கும் அதே கதைதான். தையில் முகூர்த்தச் சேலைகளை முடித்துக் கொடுத்தாக வேண்டும். வைகாசியில் வரதர் கருட சேவை. அன்று ஊரில் இல்லாமல் இருக்க ஒருவரும் ஒப்பவில்லை, வெயிலும் அப்போது மண்டையைப் பிளக்கும். ஆடியில் யாழ்ப்பாணத்தில் சோளகம் வீசும். தெற்கே மிதிக்கிறவனுக்கு அது கிட்டத்தட்ட எதிர்க்காற்று. ஐப்பசி, கார்த்திகையில் கடல் கொந்தளிக்கும் என்று கப்பலையே நிறுத்திவிடுகிறார்கள். தள்ளிக் கழித்தால் மிஞ்சுவது மாசியும் பங்குனியில் பாதியும்.

அந்தக் கப்பல் இல்லாவிட்டால் இந்த யோசனையே எங்களுக்கு வந்திருக்காது. 1964 டிசம்பர் புயல் தனுஷ்கோடியை அழிக்கும் வரை, சென்னையில் ரயில் ஏறினால் தலைமன்னாருக்குக் கப்பல், அங்கிருந்து மறுபடி ரயில் என்று கொழும்பு வரை போகலாம். போட் மெயில் என்றால் எங்கள் தாத்தாக்களுக்குத் தெரியும். நாகை–காங்கேசன்துறைக் கப்பல் 2023 அக்டோபர் 14-ஆம் தேதி தொடங்கி, மழைக்காலம் வந்ததும் சில நாளிலேயே நின்றது. 2024 ஆகஸ்ட் 16-ஆம் தேதி 'சிவகங்கை' என்ற கப்பலோடு மீண்டும் தொடங்கியது. கடல்வழி சுமார் 110 கிலோமீட்டர். சைக்கிளை முழுதாக ஏற்றுவார்களா, கழற்றிக் கட்டித் தர வேண்டுமா, அதற்கு என்ன கட்டணம் என்பதை முன்கூட்டியே எழுத்தில் வாங்கிவிட வேண்டும் என்று தீர்மானித்திருக்கிறோம். வாய்ச்சொல்லை நம்பி ஐந்து சைக்கிளோடு துறைமுக வாசலில் போய் நிற்க முடியாது.

இதற்கெல்லாம் முன்னோடிகள் நம் நாட்டிலேயே இருக்கிறார்கள். 1923 அக்டோபர் 15-ஆம் தேதி பம்பாயிலிருந்து ஆறு பார்சி இளைஞர்கள் உலகைச் சுற்றிவரச் சைக்கிளில் கிளம்பினார்கள். ஆதி ஹக்கீம், ஜால் பாப்பசோலா, ருஸ்தம் பும்காரா, குஸ்தாத் ஹாத்திராம், கேக்கி போச்கானவாலா, நரிமன் கபாடியா. எல்லோரும் பம்பாய் பளுதூக்கும் சங்கத்துப் பிள்ளைகள். பலூசிஸ்தான், பாரசீகம், மெசபடோமியா, ஐரோப்பா, அமெரிக்கா, ஜப்பான், கொரியா, சீனா, சயாம், பர்மா என்று சுற்றி 1928 மார்ச்சில் ஊர் திரும்பியபோது மிதித்திருந்த தூரம் சுமார் 71,000 கிலோமீட்டர். அந்தக் காலத்தில் பாலைவனத்தில் சாலை ஏது, வரைபடம் ஏது? 'வித் சைக்ளிஸ்ட்ஸ் ரவுண்ட் தி வேர்ல்ட்' என்று அவர்கள் எழுதிய புத்தகத்துக்கு ஜவாஹர்லால் நேரு முன்னுரை எழுதினார். அந்தச் சாதனைக்கு முன்னால் எங்கள் கண்டிப் பயணம் மிகச் சிறியது. நெஞ்சாரச் சொல்கிறேன், இவர்கள் பெயர் நம் பள்ளிப் பிள்ளைகளுக்குத் தெரியாமல் இருப்பது எனக்குப் பெரிய வருத்தம்.

ஆனால் ஊர் திரும்பி மாலை வாங்கிக்கொண்டது ஆறு பேர் இல்லை, மூன்று பேர். கபாடியா சொந்தக் காரணங்களுக்காக டெஹ்ரானிலிருந்தே திரும்பிவிட்டார். ஹாத்திராம் அமெரிக்காவிலேயே தங்கிவிட்டார். அவர் பிரிந்ததில் மனம் சோர்ந்த போச்கானவாலா அங்கிருந்து ஊருக்குக் கிளம்பிவிட்டார். 1926 டிசம்பரில் கல்கத்தாவிலிருந்து கிளம்பிய நால்வரின் கதையும் இப்படித்தான் போனது. 1937-இல் உலகைச் சுற்றி முடித்து வீடு வந்தவர் விமல் முகர்ஜி ஒருவர் மட்டுமே.

இந்தக் கதைகளைச் சொல்கிறவர்கள் முடித்தவர்களைப் பற்றியே சொல்கிறார்கள். எனக்கு டெஹ்ரானிலிருந்து திரும்பிய கபாடியாவை நினைத்தால்தான் மனசு நிற்க மாட்டேன் என்கிறது. டெஹ்ரான் வரை சைக்கிளில் போனதே எவ்வளவு பெரிய காரியம்! அதைப் போய்த் தோல்விக் கணக்கில் வைப்பது நியாயமா? பல நாள் கூட்டாகப் போகிறவர்களில் யாராவது ஒருவர் பாதியில் திரும்புவது நடக்கக்கூடியதுதான். முழங்கால் வலிக்கலாம், வீட்டிலிருந்து போன் வரலாம், கையில் காசு தீரலாம். அதற்கு முன்கூட்டியே இடம் வைக்காத திட்டத்தில், திரும்புகிறவர் குற்றவாளி ஆகிவிடுகிறார். சொல்லக் கூச்சப்பட்டுக்கொண்டே வலியோடு இன்னும் நாலு நாள் மிதிப்பார். பிறகு சைக்கிளோடு ஆம்புலன்ஸில்தான் வருவார். எங்கள் குழுவிலேயே இளையவனின் அம்மா கேட்டுவிட்டார்கள்: "பாதியில வந்துட்டான்னா தெருவுல எல்லாம் என் புள்ளைய என்னா பேசுவாங்க?"

அந்த அம்மாவுக்குப் பதிலாகத்தான் நோட்டில் மூன்று விதி எழுதினோம். திரும்பி வரும் செலவு பொது உண்டியலில் இருக்காது. ஆளுக்கொரு கவரில் அவரவர் பையில் இருக்கும். யாரிடமும் கேட்டு வாங்க வேண்டிய நிலை வரக்கூடாது. திரும்புகிறவரை ஒருவர் கூடப் போய் ரயில் ஏற்றிவிட்டு வர வேண்டும், மற்றவர்கள் காத்திருக்க வேண்டும். மூன்று பேருக்குக் குறைந்துவிட்டால் கப்பல் ஏறுவதில்லை. வழியையே இதற்காகத்தான் வந்தவாசி, திண்டிவனம், புதுச்சேரி, கடலூர், சிதம்பரம், சீர்காழி, காரைக்கால் என்று போட்டோம். பெரும்பாலும் எங்கே நின்றாலும் ரயில் நிலையம் எட்டுகிற தூரத்தில் இருக்கும். சைக்கிளைப் பார்சலில் போட்டுவிட்டு ஏறிவிடலாம். அக்கரையிலும் காங்கேசன்துறை ரயில் பாதை யாழ்ப்பாணம், கிளிநொச்சி, வவுனியா என்று ஏ9 சாலையை ஒட்டியே போகிறது.

வண்டிகளைப் பற்றியும் கொஞ்சம் சொல்ல வேண்டும். ரங்கசாமி குளம் பக்கத்தில் சைக்கிள் கடை வைத்திருக்கும் பெரியவர் எங்கள் வண்டிகளை ஒவ்வொன்றாகத் தலைகீழாக நிறுத்தி ஓவராயில் பார்த்தார். பின்சக்கரத்தைச் சுற்றிவிட்டு, ஒவ்வொரு ஸ்போக்காக விரலால் சுண்டினார். இறுகிய கம்பி ஒரு மாதிரி ஒலிக்கிறது, தளர்ந்தது மொத்தையாகச் சத்தமே இல்லாமல் இருக்கிறது. ஃப்ரீவீல் பக்கம் மூன்று கம்பி மொத்தையாக இருந்தது. ஸ்போக் சாவியைக் கால் திருகு, அரைத் திருகு என்று கொடுத்துக் கோட்டம் எடுத்தார். "தம்பி, கேரியர்ல பையைக் கட்டிட்டா பாரம் பூரா பின்சக்கரத்துலதான். கம்பி போச்சுன்னா இந்தப் பக்கம்தான் போவும். ஃப்ரீவீலைக் கழட்டாம இந்தப் பக்கம் கம்பி மாட்ட முடியாது, அதைக் கழட்டுற சாவியை எடுத்துக்கோ" என்றார். ஐந்து வண்டிக்கும் ஒரே அளவு டயர், ஒரே மாதிரி வால்வு இருக்க வேண்டும் என்றதும் அவர்தான். அப்போதுதான் யார் பையிலிருக்கும் டியூபும் யார் வண்டிக்கும் ஆகும். இரண்டு பேர் சக்கரத்தை மாற்ற வேண்டி வந்தது, மாற்றிவிட்டோம்.

யாழ்ப்பாணத்தைப் பற்றி எங்களுக்கு ஓர் ஈர்ப்பு உண்டு. 1990-களில் போரும் பொருளாதாரத் தடையும் எரிபொருளை நிறுத்தியபோது அந்தத் தீபகற்பமே சைக்கிளில் ஓடியது. நோயாளி, மூட்டை, விறகு எல்லாமே கேரியரில் போயிருக்கின்றன. 2022-இல் பெட்ரோலுக்கு வரிசையில் நின்றபோது இலங்கை முழுவதும் மறுபடி சைக்கிளைத் தேடியது. அந்த ஊர்ச் சைக்கிள் கடைப் பெரியவர்கள் யாரிடமாவது உட்கார்ந்து பேச வேண்டும் என்பது என் ஆசை. முகமாலை, ஆனையிறவு பக்கம் கண்ணிவெடி எச்சரிக்கைப் பலகை இருக்கும் இடங்களில் ஒதுங்குவதற்குக்கூடச் சாலையை விட்டு இறங்கக்கூடாது என்பதைச் சிவப்பு மையில் எழுதியிருக்கிறோம். அங்கே வெடியகற்றும் வேலை ஆண்டுக்கணக்காக நடந்தும் இன்னும் முழுதாக முடிந்துவிடவில்லை.

வரும் ஞாயிற்றுக்கிழமை முழுச் சுமையோடு உத்திரமேரூர் வரை போய் வந்து பார்க்கப்போகிறோம். அதற்கு முன்பாக, என்ன வந்தால் நான் திரும்புவேன் என்று ஒவ்வொருவரும் நோட்டில் தன் கையால் எழுத வேண்டும் என்று பேசியிருந்தோம். ஒருவர் அப்பாவின் டயாலிசிஸை எழுதினார், ஒருவர் முதலாளி கூப்பிட்டால் என்று எழுதினார். நான் முதுகுவலியை எழுதினேன். தறிக்கார நண்பர் பேனாவை வைத்துக்கொண்டு வெகுநேரம் யோசித்துவிட்டு, 'எனக்கே வேண்டாம் என்று தோன்றினால்' என்று எழுதினார். அது ஒரு காரணமா என்று இளையவன் கேட்டான். காரணம்தான் என்று மற்ற நால்வரும் சொல்லிக் கையெழுத்துப் போட்டோம்.