கொடுத்த சரக்குக்குக் காசு கேட்க என்ன வெட்கம்?

போன ஞாயிற்றுக்கிழமை என் பழைய மாணவன் ஒருவன் வீட்டுக்கு வந்திருந்தான். ஆறு விசைத்தறி போட்டுத் துண்டு நெய்கிறான். வெளியூர் மொத்தக் கடைக்காரர் ஒருவர் 1,80,000 ரூபாய்க்குச் சரக்கு எடுத்துவிட்டு, 14 மாதமாக "அடுத்த வாரம்" என்கிறாராம். நூல் வாங்கிய கடனுக்கு இவன் மனைவியின் வளையல் அடகில் இருக்கிறது.

"நெருக்கிக் கேட்டா அடுத்த ஆர்டர் தரமாட்டார் சார்" என்றான்.

காசே தராதவரின் அடுத்த ஆர்டர் எதற்கப்பா?

நான் வக்கீல் இல்லை, கணக்கு வாத்தியார். ஆனாலும் அவனுக்காகச் சட்டத்தைப் புரட்டினேன்.

1930ஆம் ஆண்டின் சரக்கு விற்பனைச் சட்டப்படி, கடனுக்கு என்று பேசாத சரக்கைப் பணம் வரும்வரை நம்மிடமே நிறுத்தி வைக்கலாம். லாரியில் போகும்போது வாங்குபவர் நொடித்துப்போனது தெரிந்தால் வழியிலேயே நிறுத்தலாம். ஆனால் அவர் கைக்குப் போய்விட்டால், கடைக்குள் புகுந்து தூக்கி வர முடியாது. விலையைக் கேட்டு வழக்குத்தான். அதற்கும் பொதுவாக 3 வருஷம்தான் கெடு. "பார்க்கலாம், பார்க்கலாம்" என்று இருப்பவர்கள் இதைக் கவனியுங்கள்.

சிறு உற்பத்தியாளர்களுக்கு இன்னொரு ஆயுதம் உண்டு: 2006ஆம் ஆண்டின் குறு, சிறு, நடுத்தரத் தொழில் சட்டம். குறு, சிறு தொழில் செய்பவரிடம் வாங்கினால், எழுத்தில் ஒப்பந்தம் இல்லாவிட்டால் 15 நாளில் பணம் தரவேண்டும். ஒப்பந்தம் இருந்தாலும் 45 நாளைத் தாண்டக்கூடாது. தாண்டினால் ரிசர்வ் வங்கியின் வங்கி விகிதத்தைப் போல மூன்று மடங்கு வட்டி, அதுவும் மாதாமாதம் கூட்டுவட்டி! இதற்கென்றே இருக்கும் வசதியாக்க மன்றத்தில் முறையிடலாம். 90 நாளில் முடிக்கச் சொல்கிறது சட்டம். நடைமுறையில் இழுக்கும்தான். அதற்காகக் கேட்காமலே இருப்பதா?

"உத்யம் பதிவு இருக்கா?" என்றேன்.

"பேங்க் லோனுக்காக ரெண்டு வருஷம் முன்னாடியே பண்ணினேன் சார். பீரோவில் கிடக்கு."

"பில்?"

"பாதிக்கு இருக்கு. மீதி நம்பிக்கைதான்."

இதுதான் என் ஆதங்கம். உரிமை பீரோவில் தூங்குகிறது, வளையல் அடகுக்கடையில் தூங்குகிறது. வாங்கியவர் நிமிர்ந்து நடக்கிறார், கொடுத்தவன் தலைகுனிந்து நிற்கிறான். நம்பிக்கை வேண்டாம் என்று சொல்லவில்லை. நம்பிக்கையோடு ஒரு பில்லும், அதில் வாங்கியவர் கையெழுத்தும் இருக்கட்டும். நாணயமானவர் அதற்குக் கோபித்துக்கொள்ள மாட்டார்.

அன்றே என் மேஜையில் உட்கார்ந்து, தொகையும் தேதியும் போட்டு, பதிவுத் தபாலில் அனுப்பக் கடிதம் எழுதினான். "சார், ரொம்பக் கடுமையா இருக்கா?" என்று இரண்டு முறை கேட்டான்.

இல்லை தம்பி. உன் உழைப்பின் விலையைத்தான் கேட்டிருக்கிறாய்.