தண்டனை குறைந்தது, காலம் திரும்பவில்லை

ஐ.பி.எல். சூதாட்டப் புகாரில் 2013 மே மாதம் கைதானார், கேரள வேகப்பந்து வீச்சாளர் ஸ்ரீசாந்த். செப்டம்பரில் இந்திய கிரிக்கெட் வாரியம் அவருக்கு ஆயுட்காலத் தடை விதித்தது. 2015-ல் டெல்லி கோர்ட்டு அவரை வழக்கில் இருந்து விடுவித்தது. வாரியம் இறங்கி வரவில்லை. 2017-ல் கேரள ஐகோர்ட்டு தனி நீதிபதி தடையை ரத்து செய்தார். டிவிஷன் பெஞ்சு அதை மீண்டும் விதித்தது.

2019 மார்ச் 15-ந் தேதி சுப்ரீம் கோர்ட்டு தீர்ப்பு கூறியது. குற்றம் பற்றிய வாரியத்தின் முடிவில் அது தலையிடவில்லை. ஆனால், சூழ்நிலையைப் பாராமல் ஆயுள் தடை விதித்தது சரியல்ல, தண்டனையை மறுபரிசீலனை செய்க என்றது. வாரியத்தின் குறைதீர்ப்பாளர் டி.கே.ஜெயின் தடையை 7 ஆண்டாகக் குறைத்தார்.

அத்திபெலே தொழிற்சாலைகளில் வேலை பார்ப்போருக்கு இது புரியாத கதை அல்ல. சார்ஜ் ஷீட், சஸ்பெண்டு, டிஸ்மிஸ் எல்லாம் அவர்கள் அறிந்தவை. கிரிமினல் கோர்ட்டு விடுவித்தாலும் நிர்வாகம் தனியே விசாரணை நடத்தலாம். ஆனால் டிஸ்மிஸ் தண்டனை குற்றத்துக்கு மிஞ்சியது என்றால் அதைக் குறைக்க, 1971-ம் ஆண்டு சட்டத் திருத்தமே லேபர் கோர்ட்டுக்கு அதிகாரம் தந்தது.

தடை தொடங்கியபோது ஸ்ரீசாந்துக்கு வயது 30. 2020 செப்டம்பரில் அது முடிந்தபோது 37. நியாயம் கிடைத்தால் மட்டும் போதாது. உழைக்கும் வயதுக்குள் கிடைக்க வேண்டும்.