ஊற்றிக்கொடுத்த தண்ணீரும் உதவித்தொகைப் படிவமும்

தோழர்களே, கல்வி உதவித்தொகைக்கு இப்போது இணையத்தில்தான் விண்ணப்பிக்க வேண்டும். பார்வையற்ற தலித் மாணவி ஒருவர் அந்தப் படிவத்தை எப்படி நிரப்புவார்?

திரையில் இருப்பதை வாசித்துச் சொல்லும் என்.வி.டி.ஏ. மென்பொருள் இலவசமாகவே கிடைக்கிறது. ஆனால் இணையதளம் ஒழுங்காகக் கட்டப்பட்டிருந்தால்தான் அதனால் வாசிக்க முடியும். படிவத்தின் கட்டங்களுக்கு நிரலில் பெயர் தரப்படாவிட்டால், எது சாதிச் சான்றிதழ் எண், எது வங்கிக் கணக்கு எண் என்று அது சொல்லாது. ஸ்கேன் செய்து படமாக ஏற்றிய அரசாணை அதற்கு வெற்றுத்தாள். ஒலி வடிவம் இல்லாத கேப்சா, வாசலிலேயே நிறுத்திவிடும்.

"யாரையாவது நிரப்பித் தரச் சொல்லலாமே" என்பார்கள். அப்படியென்றால் முன்பின் தெரியாத ஒருவரிடம் சாதிச் சான்றிதழ், ஆதார், கடவுச்சொல், ஓடிபி எல்லாவற்றையும் ஒப்படைக்க வேண்டும். ஊர்க் கிணற்றைத் தொட முடியாத நம் பாட்டிமார், யாராவது இறைத்து ஊற்றுவார்களா என்று குடத்தோடு காத்து நின்றார்கள். தண்ணீர் கிடைத்தது, உரிமை கிடைக்கவில்லை. இதுவும் அதுதான்.

சட்டம் இல்லாமல் இல்லை. மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டம் 2016-லேயே வந்துவிட்டது. அணுகல் தரங்களை வெறும் பரிந்துரையாக விட்டுவைத்த 15(1)-ஆம் விதி அந்தச் சட்டத்துக்கே முரணானது என்று 2024 நவம்பரில் ராஜீவ் ரதூரி வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது. கட்டாயத் தரங்களை வகுக்க ஒன்றிய அரசுக்கு உத்தரவிட்டது. கண் சிமிட்டிக் காட்டச் சொல்லும் கேஒய்சி முறையை எதிர்த்து, ஆசிட் வீச்சில் பாதிக்கப்பட்டவர்களும் பார்வைக் குறைபாடு உள்ளவரும் தொடுத்த வழக்குகளில் 2025 ஏப்ரல் 30 அன்று தீர்ப்பு வந்தது. டிஜிட்டல் சேவைகளை அணுகுவது 21-ஆம் பிரிவு தரும் வாழ்வுரிமையில் அடங்கும் என்றது அது.

ஆனால் தீர்ப்பு தானாகக் கதவைத் திறக்காது. சவுதார் குளத்தை எல்லோருக்கும் திறப்பதாக மகாட் நகராட்சி 1924-லேயே தீர்மானம் போட்டது. 1927 மார்ச் 20 அன்று அண்ணல் அம்பேத்கர் தலைமையில் மக்கள் இறங்கித் தண்ணீர் அள்ளும்வரை அது காகிதத்தில்தான் கிடந்தது.

ஆகவே மாணவத் தோழர்களே, மவுஸைத் தொடாமல் டேப் விசையால் மட்டுமே உதவித்தொகைப் படிவத்தை நிரப்பிப் பாருங்கள். எங்கே சிக்குகிறதோ அதைக் குறித்து, மாற்றுத்திறனாளிகளுக்கான மாநில ஆணையருக்கு மனு போடுங்கள். பார்வையற்ற தோழர்களோடு சேர்ந்து போடுங்கள். அவர்கள் பெயர் முதலில் இருக்கட்டும். நம் கூட்ட அறிவிப்பைப் படமாகப் பகிரும்போது இடம், நாள், நேரத்தை எழுத்தாகவும் கீழே தாருங்கள்.

ஜெய் பீம்!