நோட்டன் பிரிட்ஜில் கிரிம்ஸ்பி தந்த துக்கம்

2025 ஓகஸ்ட் 27ஆம் திகதி, இங்கிலாந்தின் நான்காம் பிரிவில் ஆடும் கிரிம்ஸ்பி டவுன் என்ற கழகத்திடம் மன்செஸ்டர் யுனைட்டட் தோற்றது. லீக் கிண்ணத்தின் இரண்டாம் சுற்று ஆட்டம் அது. முதல் அரைமணி நேரத்திலேயே இரண்டு கோல்கள் பின்தங்கி, கடைசி கால்மணி நேரத்தில் இரண்டையும் திருப்பியடித்து, பிறகு பெனால்டி உதைகளில் 12க்கு 11 என்று விழுந்தார்கள். இரு தரப்பும் சேர்ந்து 26 உதைகள். கடைசி உதை கம்பத்தில் பட்டுத் திரும்பியபோது இலங்கையில் 28ஆம் திகதி அதிகாலை இரண்டரை மணி கடந்திருந்தது.

கிரிம்ஸ்பி ஒரு மீன்பிடித் துறைமுகம். அந்தக் கழகத்தின் மைதானம் கிரிம்ஸ்பியில் இல்லை. பக்கத்து ஊரான கிளீதோர்ப்ஸில் இருக்கிறது. அதன் இரசிகர்கள் காற்றடைத்த இரப்பர் மீன்களைத் தூக்கிக்கொண்டு ஆட்டம் பார்க்க வருவார்கள். இவர்களிடம் போய்த் தோற்றதுதான் யுனைட்டட் இரசிகர்களுக்குப் பெரும் மானக்கேடாயிற்று. பின்னர் கிரிம்ஸ்பி வீரர் ஒருவருடைய பதிவு, காலக்கெடு முடிந்து ஒரு நிமிடம் தாமதமாகவே போய்ச் சேர்ந்தது என்று தெரியவந்தது. கழகத்துக்கு அபராதம் விதித்தார்கள், முடிவை மாற்றவில்லை. அந்த ஒரு நிமிடத்தைப் பிடித்துக்கொண்டு சில நாட்கள் நம்பிக்கையோடு இருந்தவர்களையும் நான் அறிவேன்.

நிற்க. ஹட்டன் பக்கத்து ஓய்வுபெற்ற அதிபர் ஒருவர், என் நெடுநாள் நண்பர், அந்த வாரத்தில் தொலைபேசியில் என்னிடம் பொரிந்து தள்ளினார். தமது பழைய மாணவர்கள் சிலர் அன்று சாப்பிடாமல் கிடந்தார்களாம். "சம்பளம் கூட்டித் தரவில்லை என்று அழமாட்டான், காணியுறுதி கிடைக்கவில்லை என்று அழமாட்டான், மன்செஸ்டர் தோற்றால் அழுகிறான், இந்தச் சமூகம் எப்படி உருப்படும்?" என்பது அவருடைய கேள்வி. மலையகத்துப் பெரியவர்கள் பலரும் இப்படித்தான் பேசுகிறார்கள். புலம்பெயர்ந்த நாடுகளிலுள்ள பெற்றோரும் வேறு சொற்களில் இதையே சொல்லக் கேட்டிருக்கிறேன். நண்பரின் ஆதங்கம் எனக்குப் புரிகிறது. ஆனால் அவருடைய தீர்ப்பை என்னால் ஏற்க முடியவில்லை.

அந்த வாரத்தில் ஒரு கருமாதிக்காக நான் நோட்டன் பிரிட்ஜ் போக நேர்ந்தது. கினிகத்தேனையிலிருந்து லக்ஸபான, மஸ்கெலியா நோக்கிப் போகும் பாதையில் அணைக்கட்டை ஒட்டிய சிறிய ஊர். சிவனொளிபாதமலைப் பருவத்தில் யாத்திரிகர்களின் பேருந்துகள் நிற்கும். மற்ற மாதங்களில் மழை நிற்காது. அங்கே தேநீர்க் கடையொன்றில் நான்கைந்து இளைஞர்கள் கைத்தொலைபேசியொன்றைச் சுற்றி உட்கார்ந்து, அந்தப் பெனால்டி உதைகளைத் திரும்பத் திரும்பப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். இருவர் கொழும்பில் கடை வேலை செய்பவர்கள், விடுமுறையில் வந்தவர்கள். ஒருவர் தோட்டத்தில் பெயர் பதிந்தவர். இரவு முழுதும் விழித்திருந்து விட்டுக் காலையில் பெரட்டுக்குப் போயிருக்கிறார். புறக்கோட்டை நடைபாதையில் வாங்கிய சிவப்புச் சட்டையை இன்னும் கழற்றவில்லை.

"என்ன தம்பி, மன்செஸ்டர் தோற்றுவிட்டதாமே?" என்றேன்.

"ஆமா சேர், தோத்துட்டோம்" என்றார்.

தோற்றுவிட்டார்கள் என்று சொல்லவில்லை. தோற்றுவிட்டோம் என்றார். என் அதிபர் நண்பரைச் சினங்கொள்ளச் செய்வது இந்தத் தன்மைப் பன்மைதான். எந்த உரிமையில் "நாம்" என்கிறாய் என்று கேட்கிறார். இங்கிலாந்தின் ஸ்டாஃபோர்ட்ஷயரிலும் ஒரு நோட்டன் பிரிட்ஜ் உண்டு. ஸ்டாஃபோர்டிலிருந்து ஸ்டோக் வழியாக மன்செஸ்டர் செல்லும் புகைவண்டிப் பாதை கிளை பிரியும் சந்தி அது. அந்த ஊர்க்காரன் மன்செஸ்டருக்காக அழுதால் எவரும் கேள்வி கேட்கமாட்டார்கள். நம் நோட்டன் பிரிட்ஜைச் சுற்றியோ டன்கெல்ட், ஸ்ட்ராத்டன், காசல்ரீ என்று பெயர்கள். சற்றுத் தொலைவில் விழும் அருவிக்குப் பெயர் அபர்டீன். யுனைட்டடைப் பெரிய கழகமாக்கிய அலெக்ஸ் பெர்குசன் 1986 நவம்பரில் அபர்டீன் கழகத்திலிருந்துதான் அங்கே போனார். பெயர்களை நம் மலைகளின்மேல் ஒட்டிவிட்டுப் போனவர்கள் அவர்கள். அந்தப் பெயர்களுக்குள் பிறந்த பிள்ளை, அந்தத் தீவின் ஒரு கழகத்தைத் தன்னுடையது என்று சொல்வதில் எனக்கு வியப்பில்லை. சொல்லப்போனால் அந்த வரவுசெலவில் நமக்குத்தான் பாக்கி வரவேண்டும்.

இன்னொன்றும் உண்டு. மன்செஸ்டர் யுனைட்டட் 1878இல் நியூட்டன் ஹீத் என்ற பெயரில் தொடங்கியபோது, அதை உருவாக்கியவர்கள் புகைவண்டிப் பெட்டித் தொழிற்சாலையின் கூலித் தொழிலாளர்கள். 1902இல்தான் இன்றைய பெயர். 2005இல் அமெரிக்காவின் கிளேசர் குடும்பம் அதைக் கடன் வாங்கி வாங்கியது. வாங்கிய கடனைக் கழகத்தின் தலையிலேயே ஏற்றியது. 2024 பெப்ரவரியில் ஜிம் ரட்கிளிஃப் கால்பங்குக்குச் சற்று மேலாக வாங்கி உள்ளே வந்தார். அதே ஆண்டில் ஏறத்தாழ 250 ஊழியர்களின் வேலை போயிற்று. உடைமையாளர் எங்கோ இருப்பார். கணக்கு எங்கோ பார்க்கப்படும். அந்த இடத்தோடு உயிரைக் கட்டிக்கொண்டு கிடப்பவனுக்கு எழுத்தில் எந்தப் பங்கும் இராது. 1970களில் அரசு கையேற்று, 1992இல் மீண்டும் தனியார் கம்பனிகளின் முகாமைக்குப் போன நம் தோட்டங்களில் வாழ்கிறவனுக்கு இந்த ஏற்பாட்டை விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை. நோட்டன் பிரிட்ஜ்காரனுக்கு இன்னும் நன்றாகத் தெரியும். விமலசுரேந்திர மின்நிலையம் 1965இலிருந்து அவன் ஊரில் ஓடுகிறது. நோட்டன் நீர்த்தேக்கத்துத் தண்ணீரில் 1950இலிருந்து பழைய லக்ஸபான நிலையம் ஓடுகிறது. அந்த மின்சாரம் கொழும்புக்குப் போய்ப் பல பத்தாண்டுகள் கழிந்த பிறகும் லயங்களில் குப்பி விளக்குத்தான் எரிந்தது.

இனி அந்தத் தோல்விக்கு வருவோம். விளையாட்டுப் பக்கத்தைப் பார்த்துக்கொண்ட காலத்தில் நான் கவனித்த ஒன்று: பருவத் தொடக்கத்தில் வரும் தோல்வியின் துக்கத்துக்குத் தனிச் சுவை உண்டு. 1995 ஓகஸ்டில் யுனைட்டட் முதல் ஆட்டத்திலேயே அஸ்டன் வில்லாவிடம் 3க்கு 1 என்று தோற்றது. சிறுவர்களை வைத்துக்கொண்டு எதையும் வெல்ல முடியாது என்று தொலைக்காட்சியில் அலன் ஹன்சன் தீர்ப்பளித்தார். அந்தச் சிறுவர்கள் அந்தப் பருவத்தின் லீக்கையும் எஃப்.ஏ. கிண்ணத்தையும் சேர்த்தே வென்றார்கள். எனவே ஓகஸ்ட் தோல்வியை எவனும் முழுமனதோடு நம்புவதில்லை. அழுதுகொண்டே அட்டவணையைப் பார்ப்பான்.

அண்மைக் காலத்தில் அந்த நம்பிக்கையும் தேய்ந்து வருகிறது என்பது உண்மை. 2014இல் எம்.கே. டொன்ஸிடம் 4க்கு 0. 2022இல் பிரென்ட்ஃபர்டிடம் 4க்கு 0. 2024-25 பருவத்தில் லீக்கில் பதினைந்தாம் இடம். பில்பாவோவில் நடந்த ஐரோப்பா லீக் இறுதியாட்டத்திலும் தோல்வி. அடுத்த பருவத்தின் முதல் ஆட்டத்தில் சொந்த மைதானத்தில் ஆர்சனலிடம் 1க்கு 0. பத்தே நாளில் கிரிம்ஸ்பி. அந்தப் பெனால்டி உதைகளைப் பார்க்க முடியாமல் தலைகுனிந்திருந்த பயிற்றுநர் ரூபன் அமோரிம் 2026 ஜனவரியில் நீக்கப்பட்டார். ஆனாலும் கிரிம்ஸ்பிக்கு மூன்றாம் நாள், சனிக்கிழமை, பர்ன்லியுடன் ஆட்டம் இருந்தது. இலங்கை நேரம் இரவு ஏழரை. அதைப் பார்ப்பீர்களா என்று அந்தத் தேநீர்க் கடையில் கேட்டேன். என்னை ஏதோ புரியாதவனைப் போலப் பார்த்தார்கள்.

"சனிக்கெழம மேட்ச் இருக்கே சேர், எப்புடிப் பாக்காம இருக்கிறது?"

அந்த ஆட்டத்தில் யுனைட்டட் 3க்கு 2 என்று வென்றது. கூடுதல் நேரத்தின் கடைசியில், 97ஆம் நிமிடத்துப் பெனால்டியில்.

என் விவாதமே இந்தச் சனிக்கிழமையைப் பற்றியது. மலையகத்தில் பந்து இல்லாமல் இல்லை. தைப்பொங்கலுக்கும் சித்திரைப் புத்தாண்டுக்கும் மே தினத்துக்கும் தோட்டந்தோறும் சுற்றுப்போட்டிகள் நடக்கின்றன. அணிக்கு ஏழு பேர், நுழைவுக் கட்டணம், ஆளுயரக் கிண்ணம், அரசியல்வாதி ஒருவரின் உரை. எல்லாம் தோற்றவன் வெளியேறும் முறையில்தான். காலை எட்டு மணிக்குத் தோற்ற அணி ஒன்பது மணிக்கு லொறியில் ஏறி வீட்டுக்குப் போய்விடும். அந்த ஆண்டு அதோடு முடிந்தது. தோற்றுவிட்டு அடுத்த வாரம் மீண்டும் வந்து நிற்கும் வாய்ப்பை எவரும் அவர்களுக்குத் தந்ததில்லை. இங்கிலாந்தில் முதல் ஆட்டத்தில் தோற்றவனுக்கு இன்னும் 37 ஆட்டங்கள் இருக்கின்றன; எந்த நாளில், எந்த ஊரில் என்பது ஜூன் மாதத்திலேயே அச்சாகிவிடும். அந்த இளைஞர்கள் மன்செஸ்டரிடம் பெறுவது வெற்றியை அல்ல; அப்போது பன்னிரண்டு ஆண்டுகளாக லீக் வெற்றியே இல்லாதிருந்த கழகம் அது. அவர்கள் பெறுவது ஒரு நாட்காட்டி. பெரட்டு முதல் பெரட்டு வரை நாட்கூலியாக எண்ணப்படும் வாழ்வில், வாரத்துக்கொரு நாள் தனக்கென்று குறிக்கப்பட்டிருப்பது சிறிய விடயமன்று. அன்றைய நாட்கூலி 1,350 ரூபா.

உள்ளூரில் அப்படியொரு நாட்காட்டி ஏன் இல்லை? 2021இல் இலங்கையில் பத்துக் கழகங்களோடு சூப்பர் லீக் தொடங்கியபோது நாவலப்பிட்டியின் அப் கன்ட்ரி லயன்ஸ் அதிலொன்றாக இருந்தது. நோட்டன் பிரிட்ஜ் இளைஞன் கினிகத்தேனை வழியாகப் பேருந்தில் போய்ப் பார்த்துவரக்கூடிய கழகம். பெருந்தொற்று குறுக்கிட்டு லீக்கை நடுவில் நிறுத்தியது. 2023 ஜனவரியில் மூன்றாம் தரப்புத் தலையீட்டைக் காரணம் காட்டி இலங்கை உதைபந்தாட்ட சம்மேளனத்தை பீபா இடைநிறுத்தியது. ஓகஸ்ட் இறுதியில்தான் அந்தத் தடை நீங்கியது. சம்மேளனத் தேர்தலுக்குக் கிடைத்த அக்கறையில் பத்திலொரு பங்கு ஆட்ட அட்டவணைக்குக் கிடைத்திருந்தால் இந்தக் கட்டுரைக்கே தேவை இருந்திராது. இந்தியாவை நோக்கிப் பெருமூச்சு விடவும் இடமில்லை. அங்கே 2025 ஜூலையில் இந்தியன் சூப்பர் லீக் நிறுத்திவைக்கப்பட்டு, செப்டெம்பரில் தொடங்க வேண்டிய பருவம் தொடங்காமல் போயிற்று. சென்னையின் எஃப்.சி. இரசிகர்களுக்கு அந்தச் செப்டெம்பரில் தோற்பதற்குக்கூட ஓர் ஆட்டம் இல்லை.

மைதானம் இல்லை என்பார்கள். மலைச்சரிவில் தட்டையான நிலம் அரிதுதான். ஆனால் துரைமாருக்குத் தேவைப்பட்டபோது அது கிடைத்தது. டரவளையிலும் ரதல்லையிலும் அவர்கள் றக்பியும் கிரிக்கெட்டும் ஆட மலையைச் சமப்படுத்திப் பச்சைப் புல் விரித்தார்கள். அந்த மண்ணை வெட்டிச் சுமந்தவர்கள் யாரென்று நான் எழுதவேண்டியதில்லை. மலேசியாவைப் பாருங்கள்: இங்கே தேயிலைக்கு வந்ததுபோல் அங்கே இரப்பருக்குப் போனவர்களின் சமூகத்திலிருந்து, 1972 மியூனிக் ஒலிம்பிக்கில் ஆடிய எம். சந்திரனும், கோல்காப்பாளர் ஆர். ஆறுமுகமும் தேசிய அணிக்கு வந்தார்கள். நம் பிள்ளைகளின் கால்களில் குறையொன்றும் இல்லை.

அதிபர் நண்பருக்கு நான் சொன்னது இதுதான். அழுகிறவனைத் திட்டாதீர்கள், அவனுக்கு அருகில் அழுவதற்கு ஓர் அணியைக் கொடுங்கள். ஹட்டன், நோர்வூட், மஸ்கெலியா, பொகவந்தலாவை, நோட்டன் பிரிட்ஜ், கினிகத்தேனை என்று ஆறு அணிகள் போதும். ஒவ்வொன்றும் மற்ற ஐந்தோடும் இருமுறை, சொந்த ஊரிலும் எதிரணியின் ஊரிலும். அணிக்குப் பத்து ஆட்டங்கள், ஞாயிற்றுக்கிழமைகளில் மட்டும். கொழும்பின் வசதிக்காக வகுத்த பருவத்தை இங்கே கொண்டுவரக்கூடாது. தென்மேற்குப் பருவமழை மே மாதத்தில் இறங்கினால் நம் பக்கத்து மைதானங்களில் செப்டெம்பர் வரை வாத்துத்தான் ஆட முடியும். ஜனவரி நடுவில் தொடங்கிப் பங்குனி இறுதிக்குள் முடித்துவிட வேண்டும். அது சிவனொளிபாதமலைப் பருவமும்கூட. பேருந்துகள் ஓடும் காலம். அட்டவணையை மார்கழியிலேயே அச்சடித்துத் தேநீர்க் கடைகளில் ஒட்ட வேண்டும். கிண்ணம் சிறியதாக இருக்கட்டும். அரசியல்வாதியின் உரை இல்லாமலே இருக்கட்டும். நோர்வூட்டில், 2017 மே மாதம் இந்தியப் பிரதமரின் உரையைக் கேட்கப் பெருங்கூட்டத்தைக் கொண்ட மைதானம் இருக்கிறது. முதல் ஆட்டத்தை அங்கே வைக்கலாம்.