திருப்பதி யாருடையது என்பதை விடுங்கள்

சென்ற பொங்கல் விழாவில் சாப்பாட்டு வரிசையில் நின்றுகொண்டிருந்தபோது, நம் சங்கத்தில் ஆண்டுக்கு ஒரு முறையாவது நடக்கும் வாக்குவாதம் மறுபடியும் கிளம்பியது. "திருப்பதியை நாம் விட்டுக்கொடுத்திருக்கவே கூடாது" என்றார் நண்பர் ஒருவர். ம.பொ.சி.யின் வடக்கெல்லைப் போராட்டம், படாஸ்கர் தீர்ப்பு, 1960 ஏப்ரல் முதல் தேதி திருத்தணி மட்டும் வந்து சேர்ந்த கதை, எல்லாம் பேசப்பட்டன. வேங்கடத்தை வட எல்லையாகச் சொல்லும் தொல்காப்பியப் பாயிரமும் சாட்சிக்கு வந்தது. நான் சித்தூர்க்காரன் என்பதால் எல்லோரும் என் முகத்தைப் பார்த்தார்கள். அப்போது என் வாயில் வடை இருந்தது. சொல்லாமல் விட்ட பதிலை இங்கே எழுதுகிறேன்.

எங்கள் வீட்டில் தமிழ், தெருவில் தெலுங்கு, சண்டை வந்தால் இரண்டும். 1911 வரை எங்கள் ஊர் வட ஆற்காடு மாவட்டத்தின் தலைநகர். 1953-இல் ஆந்திர மாநிலம் பிறந்தபோது அந்தப் பக்கம் போயிற்று. எங்களை யாரும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் இரண்டு மொழியிலும் பதில் சொல்லியிருப்போம். அந்த வழக்கு முடிந்து அறுபது ஆண்டுகளுக்கு மேல் ஆகிவிட்டது. எனக்கு இப்போதுள்ள கவலை வேறு. அது ஏர்ப்பேட்டைப் பற்றியது.

திருப்பதியின் ஓரத்தில் பல்கலைக்கழகம் வருவது புதிதல்ல. ஆந்திர மாநிலம் பிறந்த மறு ஆண்டே, 1954-இல், திருவேங்கடவன் பெயரில் பல்கலைக்கழகம் தொடங்கினார்கள். மலையடிவாரத்தில் ஏறக்குறைய ஆயிரம் ஏக்கர் நிலத்தைத் தேவஸ்தானம் கொடுத்தது. அதைச் சுற்றி மருத்துவக் கல்லூரி, வேளாண் கல்லூரி, 1983-இல் பத்மாவதி மகளிர் பல்கலைக்கழகம் என்று ஒவ்வொன்றாக எழுந்தன. 1980-களில் நான் அங்கே எம்.எஸ்ஸி. படித்தேன். காலையில் ஊர்ப் பெரியவர்கள் எங்கள் விடுதி வழியாகத்தான் நடைப்பயிற்சிக்குப் போவார்கள். மாலையில் நாங்கள் கோவிந்தராஜர் சன்னதித் தெருவுக்குக் காப்பி குடிக்கப் போவோம். ஊருக்கு வெளியே கட்டிய வளாகத்தை நாளடைவில் ஊரே அணைத்துக்கொண்டது. நம்மவர்கள் மறந்துவிடும் செய்தி ஒன்று: அங்கே தமிழ்த் துறையும் உண்டு. பேராசிரியர் ந. சுப்பு ரெட்டியார் 1960-இல் அங்கு வந்து, ஓய்வு பெறும் வரை அதை வளர்த்தார். மாநிலம் பிரிந்ததால் தமிழ் அங்கே அநாதையாகி விடவில்லை.

இப்போது ஏர்ப்பேட்டுக்கு வருகிறேன். ரேணிகுண்டாவைத் தாண்டிக் காளஹஸ்தி போகும் வழியில், திருப்பதியிலிருந்து இருபது கிலோமீட்டருக்கும் அப்பால் உள்ள ஊர். 2014-இல் தெலங்கானா பிரிந்தபோது, மிஞ்சிய ஆந்திரத்துக்கு ஈடாகச் சில மத்தியக் கல்வி நிறுவனங்களைத் தருவதாகச் சட்டத்திலேயே எழுதினார்கள். அதன்படி வந்தவை திருப்பதி ஐ.ஐ.டி.யும், ஐசர் என்னும் அறிவியல் கல்வி, ஆராய்ச்சி நிறுவனமும். 2015-இல் தற்காலிகக் கட்டடங்களில் தொடங்கி, பிறகு இரண்டும் ஏர்ப்பேட்டுப் பக்கம் சொந்த வளாகங்களுக்குப் போயின. ஐ.ஐ.டி.யின் வளாகம் 2024 பிப்ரவரியில் நாட்டுக்கு அர்ப்பணிக்கப்பட்டது. பாறையும் புதருமாக இருந்த இடத்தில் ஒரு படிப்பு நகரமே முளைத்திருக்கிறது.

என் கடைசித் தங்கையின் மகள் அங்கே படிக்கிறாள். போன டிசம்பரில் ஊருக்குப் போனபோது அவளைப் பார்க்கப் போனேன். பேச்சுவாக்கில், "குடிமல்லம் போயிட்டு வந்தியாம்மா?" என்று கேட்டேன்.

"அது எங்க இருக்கு மாமா?" என்றாள்.

அதே ஏர்ப்பேடு மண்டலத்தில்தான் இருக்கிறது! அவளைக் குறை சொல்லவில்லை. எங்கள் வீட்டில் யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை. காரை எடுத்துக்கொண்டு இருவரும் போனோம்.

குடிமல்லம் பரசுராமேசுவரர் கோயில் லிங்கத்தை அறியாதவர்களுக்காகச் சொல்கிறேன். ஐந்தடி உயரம். லிங்கத்தின் முகப்பிலேயே, ஒரு குள்ளனின் தோள்மேல் நிற்கும் சிவன், கையில் ஆட்டுக்கிடாவுடன். கிறிஸ்து பிறப்பதற்கு முந்தையது என்று அறிஞர் பலர் கணிக்கிறார்கள். கோபிநாத ராவ் சென்ற நூற்றாண்டின் தொடக்கத்தில் எழுதிய பிறகுதான் வெளியுலகம் அதை அறிந்தது. கருவறையின் பின்புறம் யானை படுத்திருப்பது போல வளைந்த தூங்கானை மாடம். சுவரில் பல்லவர், பாணர், சோழர் காலக் கல்வெட்டுகள். அதில் தமிழ் எழுத்து! "மாமா, இது என்ன எழுதியிருக்கு?" என்று கேட்டாள். இரண்டு மூன்று எழுத்துக்கு மேல் எனக்குப் படிக்க வரவில்லை.

திரும்பும்போது பாப்பாநாயுடுபேட்டையைக் காட்டினேன். கண்ணாடி மணிக்குப் பேர்போன ஊர். உலையில் உருகிய கண்ணாடியை நீண்ட இரும்புக் குழாயின் நுனியில் உருட்டிச் சேர்த்து, நடுவில் துளை விழும்படி மெல்லிய குழலாக இழுப்பார்கள். அதைச் சிறு துண்டுகளாக நறுக்கி, துளை அடைபடாமலிருக்கச் சாம்பலில் புரட்டி, மறுபடி சூடாக்கினால் முனை மழுங்கி மணியாகிவிடும். புதுச்சேரிக்கு அருகே அரிக்கமேட்டில் ஈராயிரம் ஆண்டுகளுக்கு முன் செய்து கடல் கடந்து அனுப்பிய மணிகளும் இப்படி இழுத்துச் செய்தவையே. பீட்டர் பிரான்சிஸ் என்ற அமெரிக்க ஆய்வாளர் அரிக்கமேட்டு மணியைப் புரிந்துகொள்ள இந்த ஊருக்கு வந்து பார்த்து எழுதினார். பக்கத்திலேயே ஐ.ஐ.டி. இருக்கும்போது, அந்த உலையின் வெப்பத்தையும் கண்ணாடியின் சேர்மானத்தையும் படிப்பதற்கு இன்னொருவர் கடல் கடந்து வரவேண்டுமா?

ஊருக்குள் இடமில்லை, ஆராய்ச்சிக்கு அமைதி வேண்டும் என்பார்கள். ஒப்புக்கொள்கிறேன், திருப்பதியின் கூட்டத்தில் ஐந்நூறு ஏக்கருக்கு எங்கே போவது? ஆனால் தூரம் ஒன்றும் பெரிய குற்றமல்ல. சிதம்பரத்துக்கு வெளியே 1929-இல் எழுந்த அண்ணாமலை நகரும் ரயில் பாதைக்கு அப்பால் கட்டிய படிப்பூர்தான். அங்கிருந்துதானே தமிழிசை இயக்கம் ஊரைத் தேடி வந்தது? இங்கே நம் ஆன் ஆர்பரைப் பாருங்கள். பல்கலைக்கழகம் எங்கே முடிகிறது, கடைத்தெரு எங்கே தொடங்குகிறது என்று நாற்பது டாலர் பார்க்கிங் அபராதம் கட்டிய பிறகும் எனக்குத் தெரியாது. ஏர்ப்பேடு அப்படி ஆக இன்னும் ஐம்பது ஆண்டு ஆகலாம். அதுவரை காத்திருக்க வேண்டாம். முதலாண்டு மாணவர் ஒவ்வொருவரும் ஒரு பருவத்துக்கு மண்டலத்தின் ஒரு கிராமத்தைப் படிக்கட்டும்: ஏரி, உலை, கோயில், பள்ளிக்கூடம் எதுவானாலும் சரி. கல்வெட்டு படிக்கக் கற்றுக்கொடுக்கத் திருப்பதியிலிருந்து தமிழ், தெலுங்கு, சமஸ்கிருத ஆசிரியர்கள் பேருந்து ஏறி வரட்டும். தேவஸ்தானம் 1930-களில் பதிப்பித்த திருமலைக் கல்வெட்டுத் தொகுதிகளில் பெரும்பாலானவை தமிழ். அவற்றைப் படிக்கும் ஆள் குறைந்துகொண்டே போனால், மலை எந்த மாநிலத்தில் இருந்து என்ன பயன்?

நம் சங்கத்துக்கும் ஒரு வேலை உண்டு. அந்தப் பல்கலைக்கழகத்தின் தமிழ்த் துறையில் கல்வெட்டு படிக்க முன்வரும் மாணவர் ஒருவருக்கு ஆண்டுதோறும் சிறு பரிசு கொடுக்கலாம். விழா மலரில் ஒரு பக்க விளம்பரத்தின் விலைதான் ஆகும். வடக்கெல்லைக்காகச் சாப்பாட்டு வரிசையில் போராடிய நண்பர் முதலில் சம்மதித்துவிட்டார். என் பங்குக்கு நூறு டாலர் பொருளாளரிடம் கொடுத்திருக்கிறேன். ரசீது இன்னும் வரவில்லை.