ஒரு புற்றுக்கு ஒரு நிமிடம்!

வாயில் ஒரு பல்கூடக் கிடையாது. ஆனால், ஒரு நாளைக்கு 30,000 எறும்புகள், கரையான்கள்வரை உள்ளே போகும்!

தென் அமெரிக்கப் புல்வெளிகளில் வாழும் ராட்சத எறும்புத்தின்னியின் சாப்பாட்டுக் கணக்கு இது. தமிழில் எறும்புத்தின்னி என்றால் பெரும்பாலும் செதில் போர்த்திய அழுங்கைத்தான் சொல்வார்கள். இது வேறு. சாப்பாடு ஒன்றுதான், சொந்தம் கிடையாது. உடம்பெல்லாம் முரட்டு ரோமம், குழாய் போல நீண்ட முகம், கொடி போல விரிந்த வால். பிரேசில்காரர்கள் வைத்த பெயரிலேயே ‘கொடி’ இருக்கிறது!

கண் பார்வை மந்தம், மோப்பம்தான் வழிகாட்டி. முன்னங்கால் நகத்தால் புற்றைக் கிழித்து, சுமார் 60 செ.மீ. நீளமுள்ள பசை நாக்கை உள்ளே விடும். நிமிடத்துக்கு 150 முறை வரை நாக்கு போய் வரும். மெல்லுகிற வேலையை வயிறே பார்த்துக்கொள்கிறது. கூடவே விழுங்கிய மணல்தான் அதற்கு அம்மி.

ஆனால், ஒரு புற்றில் அது நிற்பது பெரும்பாலும் ஒரு நிமிடம்தான். அதற்குள் சிப்பாய் எறும்புகள் கடிக்கத் திரண்டுவிடும். உடனே அடுத்த புற்றுக்கு நடை. புற்றும் அழியாமல் தப்பிக்கிறது, இன்னொரு நாள் வந்தால் மறுபடி சாப்பாடும் கிடைக்கிறது. கருணையெல்லாம் இல்லை, கடிக்குப் பயந்துதான்!

எறும்பில் சத்து குறைவு என்பதால் உடம்பும் சிக்கனம். உடல் வெப்பம் சுமார் 33 டிகிரி செல்சியஸ்தான். நாளில் பாதிக்கு மேல் ஓய்வு, வாலே போர்வை.

பிள்ளைப்பேறும் அப்படியே. ஆறு மாதம் சுமந்து ஈனுவது ஒரே குட்டி. அதைப் பல மாதங்கள் முதுகில் ஏற்றித் திரியும் தாய். இந்த நிதானம்தான் இப்போது ஆபத்தாகியிருக்கிறது. பிரேசிலின் செராடோ புல்வெளி விளைநிலமாக மாற, குறுக்கே நெடுஞ்சாலைகள் வந்துவிட்டன. இரவில் சாலை கடக்கும் தாய் லாரியில் அடிபட்டால், போவது ஒரு உயிர் மட்டுமல்ல.

மத்தோ குரோசோ தோ சுல் மாநிலத்தில் ஆராய்ச்சியாளர்கள் இவற்றுக்கு ஜி.பி.எஸ். பட்டை மாட்டி, சாலையை எங்கே கடக்கின்றன என்று பார்த்தார்கள். சாலையோரம் வேலி போட்டு, ஏற்கெனவே இருக்கும் பாலங்களின் அடிவழிக்கு அவற்றைத் திருப்பிவிட வேண்டும் என்பது அவர்கள் சொல்லும் வழி.