தாத்தாவுக்கும் ஒரு ஏஜென்ட் இருந்தார்

"தம்பி, நம்ம தாத்தாங்க உழைக்கறதுக்கு வந்தவங்க. இந்த பங்களாக்காரனுங்க மாதிரியா?"

ஒரு நூல் வெளியீடு முடிந்து மீகூன் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது பெரியவர் ஒருவர் சொன்னது இது. அரைமணி நேரத்துக்கு முன்புதான் மேடையில், காட்டைத் திருத்தி இந்த நாட்டை உருவாக்கிய இனம் நாம் என்று முழங்கிக் கைத்தட்டு வாங்கியிருந்தார். மண்டபத்தில் நாற்காலி அடுக்கிக்கொண்டிருந்தவர்கள் பங்களாக்காரர்கள்தான்.

அவரோடு அங்கேயே சண்டை போட்டிருக்கலாம். போடவில்லை. இங்கே போடுகிறேன்.

தாத்தாக்கள் எப்படி வந்தார்கள்? 1833இல் பிரிட்டன் அடிமை முறையை ஒழிக்கச் சட்டம் போட்டது. அடுத்த ஆண்டே மொரீஷியஸ் கரும்புத் தோட்டங்களுக்கு இந்தியாவிலிருந்து ஒப்பந்தக் கூலிகள் கப்பலேறினார்கள். மலாயாவிலும் சஞ்சிக்கூலி முறை 1910 வரை ஆள் பிடித்தது. அதற்குள் ரப்பருக்கு மவுசு வந்துவிட்டது. காருக்கு டயர் வேண்டும், டயருக்குப் பால் வேண்டும், பாலுக்கு ஆள் வேண்டும். கங்காணி லைசென்ஸோடு சொந்த ஊருக்குப் போய்ப் பங்காளியையும் பக்கத்து வீட்டுக்காரனையும் அழைத்து வந்தார். அந்த ஆள் வேலைக்கு இறங்கும் ஒவ்வொரு நாளுக்கும் கங்காணிக்குத் தலைக்காசு கிடைத்தது. இதைத்தான் நாம் 'உழைக்க வந்தாங்க' என்ற இரண்டே சொல்லில் முடித்துவிடுகிறோம்.

இன்னொன்றும் சொல்கிறேன், வலிக்கும். 1907இல் தமிழர் குடியேற்ற நிதி என்று ஒன்றைச் சட்டம் போட்டு அமைத்தார்கள். எத்தனை தமிழ்த் தொழிலாளியை வைத்திருக்கிறாயோ அதற்கேற்ப வரி கட்டு என்று தோட்ட முதலாளிகளிடம் வசூலித்தார்கள். கப்பல் செலவு அந்த நிதியிலிருந்து போனது. கடனில்லாமல் கரையிறங்க வேண்டும், ஒரு மாத முன்னறிவிப்பு கொடுத்தால் வேலையை விடலாம் என்பதுதான் ஏட்டில் இருந்த விதி. வெள்ளைக்காரன் கருணையால் செய்ததில்லை இது. ஆள் வரத்து நிற்கக்கூடாது, அவ்வளவுதான். லயத்தில் கங்காணியின் முன்பணமும் கடைப் பற்றும் அந்த விதியைத் தின்றுவிட்டன என்பதும் உண்மை. ஆனால் ஏட்டிலாவது இருந்தது.

நான் கட்டுமானத் தளத்தில் பொறியாளர். எங்கள் தளத்தில் கம்பி கட்டும் ஒருவர் ஊரில் நிலத்தை விற்று, மீதிக்கு வட்டிக்கு வாங்கி ஏஜென்டுக்குக் கட்டிவிட்டு வந்தவர். ஒன்றரை வருடம் ஆகிறது, வட்டிதான் போய்க்கொண்டிருக்கிறது. பெர்மிட்டில் ஒரே முதலாளியின் பெயர். சம்பளம் பிடிக்கவில்லை என்று வெளியே போனால் 'கோசோங்'. அப்புறம் போலீஸ், லாக்கப், விமானம். நூறு வருடத்துக்கு முன் என் கொள்ளுத்தாத்தாவுக்கு ஏட்டில் இருந்த உரிமை இவருக்கு ஏட்டிலும் இல்லை.

"அவனுங்க வந்துதான் சம்பளம் ஏறலை" என்பார்கள். பொய்யென்று சொல்ல மாட்டேன், மலிவான ஆள் கிடைத்தால் எந்த முதலாளி கூலியை ஏற்றுவான்? ஆனால் அன்றைக்கு மலிவான ஆள் யார்? நாம்தான். சீனத் தொழிலாளியைவிடக் குறைந்த கூலிக்குக் கிடைப்பான் என்றுதான் தமிழனைக் கொண்டுவந்தார்கள்.

1941இல் கிள்ளான் தோட்டங்களில் நம் ஆட்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். துரையைக் கண்டால் சைக்கிளை விட்டு இறங்க மாட்டோம் என்றார்கள். கள்ளுக்கடையை மூடு என்றார்கள். கூலி விஷயத்தில் அவர்கள் கேட்டதைக் கவனியுங்கள். சீனனைத் திருப்பி அனுப்பு என்று கேட்கவில்லை. சீனனுக்குக் கொடுப்பதை எங்களுக்கும் கொடு என்று கேட்டார்கள். தலைமை தாங்கிய ஆர்.எச். நாதனைப் பிடித்து இந்தியாவுக்கு நாடு கடத்தினார்கள்.

அதிகம் படிக்காத தோட்டத்து ஆட்களுக்குக் கூலியைக் குறைப்பவன் யார் என்று தெரிந்திருந்தது. பட்டம் வாங்கிய நமக்குத் தெரியவில்லை.

நம் தோட்டக் கதைகளில் கங்காணி பெரும்பாலும் வில்லன். படித்துவிட்டுக் கண் கலங்குகிறோம். இன்றைக்கு லேபர் சப்ளை செய்து தலைக்கு இவ்வளவு என்று எடுப்பவர்களில் நம்மவர்களும் உண்டு. அவர்களை விழாவுக்கு அழைத்து மாலை போடுகிறோம், நன்கொடை வாங்குகிறோம்.

தாத்தாவின் வியர்வையைப் பற்றி மேடையில் பேசுங்கள், வேண்டாமென்று சொல்லவில்லை. பேசி முடித்து இறங்கும்போது நாற்காலி அடுக்குகிறவரிடம், ஏஜென்டுக்கு எவ்வளவு கட்டினாய் என்று ஒரு வார்த்தை கேளுங்கள். தாத்தாவின் கதையில் பாதி அவரிடம்தான் இருக்கிறது.